டார்ச் ஓடினால் தட்டுவார்

ஜூலை 14, திங்கள்

பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து, "நாச்சிமுத்து, கையைத் தொடச்சுட்டு வண்டி ஏறு" என்றார். மலையில் தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டும் இடத்தில் கூரை இறங்கி, ஓர் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டாராம். நாங்கள் விற்ற பிளாஸ்மா மெஷின் அங்கே நின்றுவிட்டதாம். பசியோடு கிளம்பினேன். வழியெல்லாம் மழை.

சுரங்க வாசலில் காவலாளி மறித்தார்.

"என்ன வேலையா வந்தீங்க?"

"டார்ச் ரிப்பேருங்க."

"டார்ச் லைட்டா? எங்கிட்டயே மூணு கெடக்குதுங்களே."

கரண்டும் காற்றும் சேர்ந்து இரும்பை வெட்டுகிற சாமான் என்று அவருக்குப் புரியவைத்து உள்ளே போவதற்குள் நன்றாக நனைந்துவிட்டேன்.

உள்ளே நிலைமை இது. சுரங்கச் சுவருக்குக் கான்கிரீட் பூச, தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. கேன்ட்ரி என்பார்கள். இறங்கிய பாறை எல்லாம் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கூண்டை இழுத்தால் மிச்சக் கூரையும் வந்துவிடும். ஆகவே அதன் வயிற்றில் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டு, தகடு தகடாக வெட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போயாக வேண்டும். காஸ் வைத்து வெட்டினால் புகை அடைத்து, வெட்டுகிறவனே விழுகிறான். மிச்சம் இருப்பது பிளாஸ்மா. அதாவது நான்.

அந்தப் பக்கம் இருப்பவர் பொன்னுரங்கம். ஊற்றுத் தண்ணீரை இறைக்கும் பம்ப்பைப் பார்த்துக்கொள்பவர். சுவரோரமாகப் போகும் காற்றுக் குழாய் ஒன்று, கூண்டுக்கு இந்தப் பக்கம் உருண்ட ஒரு பாறைக்கடியில் நசுங்கியும் உடையாமல் அவர் பக்கம் போகிறது. வாசலில் இருக்கிற பெரிய கம்ப்ரஷரிலிருந்து அதன் வழியாகத்தான் அவருக்கு மூச்சு. கூண்டின் தகட்டில் சுத்தியலால் தட்டினால் அவரும் பதிலுக்குத் தட்டுகிறார் என்றார்கள். நானும் தட்டிப் பார்த்தேன். சற்றுப் பொறுத்து மூன்று தட்டு வந்தது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

டார்ச்சின் கேபிள் மேல் எவனோ கல்லை வைத்திருக்கிறான். உள்ளே பைலட் ஒயர் அறுந்து கிடந்தது. ஆர்க் என்கிற வெட்டும் சுடர் பற்றாமல் போனதற்கு அதுதான் காரணம். மேலுறையைப் பிளந்து, ஒயரைச் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, ரப்பர் டேப் சுற்றினேன். பட்டறையில் ஒரு பையன் இப்படி ஒட்டுப்போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன். இங்கே வேறு வழியில்லை.

வெட்டுகிறவன் பெயர் மைதீன், கரும்புக்கடை ஏரியாவைச் சேர்ந்தவன். நல்ல கை. வாய்தான் ஓயாது. "அண்ணா, இதை நீங்க சரி பண்ணீட்டீங்கன்னா எம் பொண்ணுக்கு உங்க பேரே வெக்கறேன்" என்றான். பெண்ணுக்கு நாச்சிமுத்து என்றா வைப்பாய் என்று கேட்டேன். ஆர்க் பற்றியது. வேலை ஆரம்பித்தது.

சாப்பாட்டுக் கொட்டகையில் பொன்னுரங்கத்தின் வீட்டுக்காரி கலாமணி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. மகனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்கதானுங்ளா கோயமுத்தூர்ல இருந்து வந்தவிய? சாப்ட்டுட்டுப் போங்ணா" என்று அவளே தட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 16, புதன்

காற்றில் ஈரம். இந்த மழையில், இந்தக் குகைக்குள், டார்ச்சுக்குக் காற்று கொடுக்கிற எங்கள் சின்னக் கம்ப்ரஷர் காற்றோடு தண்ணீரையும் சேர்த்து ஊதுகிறது. ஈரக் காற்று போனால் டார்ச்சின் மூக்கில் இருக்கிற நாசில் அரித்து ஓட்டை கோணலாகிவிடும். நாள் முழுக்க வரவேண்டிய நாசில் கால் மணிகூடத் தாங்கவில்லை. ஆர்க் ஒரு பக்கம் இழுக்கிறது, தகடு பாதி வெட்டுப்பட்டு வழிகிறது.

மருத்துவ முகாமில் பஞ்சு வாங்கி, பைப்புக்குள் திணித்து வடிகட்டி செய்தேன். நர்ஸம்மா, "யாருக்கு அடி?" என்று பதறினார். டார்ச்சுக்கு என்றேன். பஞ்சும் சீக்கிரமே ஊறிவிட்டது.

பட்டறையிலிருந்து நாசில், அதற்குள் ஆர்க் பற்றுகிற எலக்ட்ரோடு எல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். பாதையில் மண் சரிந்து வண்டி கீழேயே நிற்கிறது.

ஜூலை 17, வியாழன்

இன்று எனக்கு மூளை வேலை செய்தது. எழுதிவைக்கிறேன்.

வாசலில் இருக்கிற பெரிய கம்ப்ரஷருக்கு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் உண்டு. அதன் காற்று எலும்பு போலக் காய்ந்திருக்கும். அந்தக் காற்றுதான் பொன்னுரங்கத்துக்குப் போகிற குழாயில் நம் பக்கத்திலேயே ஓடுகிறதே! நசுங்கிய இடத்தைத் தாண்டி, கூண்டுக்கு முன்னால் அந்தக் குழாயில் ‘T’ வடிவ டீ இணைப்பு ஒன்று வைத்து, ஒரு கிளையை டார்ச்சுக்கு இழுத்தால் ஈரத் தொல்லையே இல்லை.

எஞ்சினியர் சதானந்தன் சாரிடம் சொன்னேன். சார் வாசலுக்கு போன் போட்டார். காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் ஏழு கிலோ காட்டுகிறது, டார்ச் ஓடினாலும் முள் அசையாது என்றார்கள். "காத்துக்கென்ன பஞ்சம், போடு" என்றார் சார்.

மைதீன்தான் குறுக்கே பேசினான். "அண்ணா, வழியில ஒரு எடத்துல பைப்பு நசுங்கியிருக்குதுண்ணா. அவருக்குப் போறது கொறஞ்சுறாதா?"

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவன் இல்லை. டீயை முடுக்கி, டார்ச்சை ஓட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் காதை வைத்துச் சோதித்தேன். டார்ச் ஓடுகிறபோது அந்த இரைச்சலில் ஒரு மண்ணும் கேட்காது, ஆகவே நிறுத்திவிட்டுத்தான் காதை வைத்தேன். அந்தப் பக்கம் காற்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. மைதீனையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "போகுதுண்ணா" என்று ஒத்துக்கொண்டான்.

டார்ச் வெண்ணெய் வெட்டுவது போல வெட்டுகிறது. சார் என் முதுகில் தட்டினார்.

ஜூலை 18, வெள்ளி

மைதீனுக்குக் கண் எரிச்சல். இன்று நானே வெட்டினேன். இடது கையை ஊன்றிக்கொள்ளத் தகட்டில் வைத்திருந்தேன். டார்ச் ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் உள்ளங்கையில் ஓர் அதிர்வு. தட்டுகிறார்! காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரிகிறது. மூன்று தட்டு, நான்கு தட்டு என்று நாங்கள் பழக்கியது போல இல்லை. படபடவென்று, விடாமல்.

டார்ச்சை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்தினார். மறுபடி ஓட்டினேன். மறுபடி தட்டினார். இதை ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன். வெட்டுகிற சத்தம் கேட்டதும் மனுசனுக்குத் தெம்பு வருகிறது, நம்மை உற்சாகப்படுத்துகிறார் என்றேன். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 19, சனி

கலாமணியை உள்ளே அழைத்துவர சாரிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன். ஹெல்மெட் அவள் தலையில் நிற்காமல் ஆடியது. பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பயப்படாத அம்மிணி. கையை இங்க வை" என்று அவள் கையைப் பிடித்துத் தகட்டில் பதித்தேன். மைதீன் டார்ச்சை ஓட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

அவள் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கையை எடுக்காமலேயே தகட்டில் நெற்றியையும் வைத்துக்கொண்டாள். "அவருதானுங்ணா. எத்தன வேகமாத் தட்டறாரு பாருங்" என்றாள். மைதீன் நாசிலைப் பார்க்க டார்ச்சை நிறுத்தப் போனான். அவள் திரும்பி ஒரே கத்தாகக் கத்தினாள். "நிறுத்தாதீங்க! வெட்டுங்க! வெட்டிக்கிட்டே இருங்க!"

அவன் நிறுத்தவில்லை. நாசில் தீய்ந்து போகிற வரைக்கும் வெட்டினான்.

ஜூலை 20, ஞாயிறு

தட்டுவது கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது. களைப்பாக இருக்கும்.

ஜூலை 21, திங்கள்

நாசில் எல்லாம் தீர்ந்தது. எலக்ட்ரோடின் நுனியில் பள்ளம் விழுந்துவிட்டது. பாகங்கள் வருகிற வண்டி இன்னும் கீழேதான். ஒரு பகல் முழுக்க டார்ச் ஓடவில்லை.

பழைய நாசில்களைத் துணியில் கொட்டி, தேறுகிறதை எல்லாம் பொறுக்கினேன். உப்புத்தாளில் அவற்றின் முகப்பைத் தேய்த்துச் சமன்படுத்தி, ஓட்டையை ஊசியால் துலக்கி, இரண்டைத் தேற்றினேன். எலக்ட்ரோடு ஒன்றைச் சமையல் கொட்டகை ஆட்டுக்கல்லில் தேய்த்தேன் என்று சொன்னால் முதலாளி என்னை வேலையை விட்டே தூக்குவார். சமையற்காரர் இப்போதே தூக்கியிருப்பார்.

இடையில் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பொன்னுரங்கம் பதில் தந்தார். பழையபடி நிதானமாக மூன்று தட்டு. அந்தப் படபடப்பு இல்லை. டார்ச் நின்றால் மனுசனும் அடங்கிப் போகிறார். நம்பிக்கை விட்டுவிட்டார் போல என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்று கையில் ரத்தம் வரத் தேய்த்தேன். மாலையில் ஓட்டிவிட்டேன்.

உடனே தட்ட ஆரம்பித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மண்ணை ஒதுக்கிவிட்டார்கள். பாகங்கள் வந்துவிட்டன. புது நாசில், புது எலக்ட்ரோடு. இனி நிறுத்த வேண்டியதே இல்லை, இரண்டு பேரும் மாற்றி மாற்றி வெட்டுகிறோம்.

கையில் ஒன்றும் தெரியவில்லை. தூங்கியிருப்பார்.

ஜூலை 23, புதன்

கூரையிலிருந்து சிறு கல் விழ ஆரம்பித்திருக்கிறது. மேலிடத்தில், ஆள் உயிரோடு இல்லையென்றால் எதற்கு இன்னும் நான்கு பேரை உள்ளே விடுகிறீர்கள் என்று கேட்கிறார்களாம். சுவர் கட்டி அடைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு.

சார் வந்தார். "தட்டுறாரா, நாச்சிமுத்து?"

"தட்டறாருங்க சார்."

மைதீன் என் முகத்தைப் பார்த்தான். அவன் கையும் அதே தகட்டில்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெட்டப் போனான்.

வெளியே வந்தபோது கலாமணி டம்ளரில் டீ வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கும் வேகமாத் தட்டறாருங்ளா?" என்றாள். ஆமாம் அம்மிணி என்றேன்.

ஜூலை 24, வியாழன்

வழி திறந்தாயிற்று.

கடைசித் தகடு விழுந்ததும் முதலில் நான் நுழைந்தேன். ஸ்ட்ரெச்சர் நுழைய வழி போதாது என்று மைதீன் வெளியிலிருந்து விளிம்பை வெட்டி அகலப்படுத்திக்கொண்டிருந்தான்.

பொன்னுரங்கம் காற்றுக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். தலைத்துண்டைக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டி, மறுமுனையைத் தன் மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி வைத்திருந்தார். வலது கைக்குக் கீழே பெரிய ஸ்பேனர் கிடந்தது. அவருக்கு முன்னால் கூண்டின் தகட்டில், அடித்து அடித்துப் பெயிண்ட் உதிர்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. அவரைத் தொட்டுப் பார்த்தேன். உடம்பில் உயிர் இல்லை.

துண்டை அவிழ்த்தேன். குழாயின் வாயில் கையை வைத்தேன். காற்று வரவில்லை.

மைதீன் மூச்சு வாங்க நிறுத்தினான். குழாய் முதலில் முனகியது. பிறகு காற்று வந்தது. நன்றாக, என் விரல்களைத் தள்ளுகிற மாதிரி வந்தது.

"மைதீன், மறுபடி ஓட்டு" என்றேன்.

ஓட்டினான். காற்று நின்றது.

"நிறுத்து."

வந்தது.

"ஓட்டு."

"என்னண்ணா வெளையாடறீங்க?" என்றான். ஓட்டினான். துளி மூச்சு இல்லை. நசுங்கிய இடத்தைத் தாண்டி வருகிற கொஞ்சக் காற்று அத்தனையையும் டீயில் என் டார்ச் குடித்துவிடுகிறது. வாசலில் கேஜ் ஏழிலேயே நிற்கும். நசுங்கலுக்கு முன்னால் இருக்கிற கேஜ் வேறு என்ன காட்டும்?

அவர் எங்களை உற்சாகப்படுத்தவில்லை.

போதும் என்று மைதீனிடம் சொன்னேன். அவன் உள்ளே எட்டிப்பார்த்து, என் கை இருந்த இடத்தைப் பார்த்தான். டார்ச்சைக் கீழே வைத்தான்.

ஜூலை 25, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ போட்டது நான், யோசனை என்னுடையது, சோதித்தது தப்பு, டார்ச் ஓடும்போது அவருக்குக் காற்றே போகவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சார் கதவைச் சாத்தினார். "ரிப்போர்ட் போயிடுச்சு. கூரை எறங்குன அன்னிக்கே அடிபட்டு எறந்துட்டார்னு."

"டாக்டர் பாத்தாருங்களே சார். ஒடம்பப் பாத்தாலே எப்பச் செத்தாருன்னு தெரியுமே."

"டாக்டரும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார். அந்த டீக்குச் சரின்னு சொன்னது யாரு? நானு. ஒன்ன மட்டும் புடிச்சுட்டுப் போவாங்கன்னு நெனச்சியா? மெஷின எடுத்துட்டு ஊருக்குப் போ. யார்கிட்டயும் பேசாத."

"அப்ப தட்டுனதுங்க சார்?"

"எந்தத் தட்டு?" என்றார்.

வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, டார்ச் ஓடாத அந்த ஒரு பகல்தான் அந்த மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். அன்றைக்கு டார்ச்சைச் சரிசெய்ய என்னால் முடியாமல் போயிருக்கக் கூடாதா? பாழாய்ப்போன கை, எதையாவது செய்து ஓட்டிவிடும்.

ஜூலை 26, சனி

வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தேன். கலாமணி வந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மொத நாளே போயிட்டாருன்னு எழுதியிருக்காங்ணா."

நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் கை வெச்சுப் பாத்தனே. நீங்கதான எங் கையப் புடிச்சு வெச்சீங்க. ஆபீஸ்ல வந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்ணா. பணத்துக்கு இல்லீங்ணா. அதை அவிங்க எப்படியும் குடுக்கறாங்க. எம் பையன் கேக்கறான், அப்பா நம்மள நெனச்சுக்கிட்டு இருந்தாரான்னு. அத்தன நாளு உசுரோட இருந்து, வந்துருவோம்னு நம்பித் தட்டுனாருன்னு நான் அவங்கிட்டச் சொல்லோணும். பொய்யின்னு அவன் நெனச்சுறக் கூடாது."

நான் ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அத்தனை நாள் உயிரோடு இருந்தவர் ஏன் செத்தார் என்று கேட்பார்கள். யாராவது கேட்காவிட்டாலும் அவளே ஒருநாள் கேட்பாள். டீ இணைப்பைப் பற்றித் தெரியவரும். டார்ச் ஓடும்போது மட்டும் ஏன் தட்டினார் என்று தெரியவரும். அதற்கப்புறம், சனிக்கிழமை அந்தத் தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு தான் என்ன கத்தினோம் என்பது அவளுக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

"அது கம்ப்ரஷர் அதிர்வு அம்மிணி" என்றேன்.

"என்னங்ணா?"

"டார்ச் ஓடுனாத் தகடு அதிரும். உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன். அவரு தட்டல. யாரும் தட்டல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாரும் அவருக்காக வேண்டுனாங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை. "நான் உங்க கைக்குத்தானுங்ணா வேண்டிக்கிட்டேன். கோயமுத்தூர்க்காரரு கை நடுங்காம ஓடோணும், ஒரு நிமிசம் நிக்காம ஓடோணும்னு."

தம்பியோடு கொட்டகைப் பக்கம் நடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எழுதத் தோன்றுகிறது. எனக்காகவும்தான். இரண்டில் எது முதலில் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் இனி சாகிற வரை என்னைத் திட்டுவாள். தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டாள்.

முதலாளி போன் செய்தார். சார் ரொம்பப் புகழ்ந்தாராம், நாச்சிமுத்து இல்லையென்றால் டார்ச்சே ஓடியிருக்காது என்றாராம்.